காலையில மட்டும்

வண்ணார்பேட்டை பைபாஸில் என் கடை.
அலைன்மென்ட், பேலன்சிங், காற்று.
டாக்டர் எப்சிபா வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதும்
எதிர்த்த டீக்கடை பாதி எழுந்து வந்துவிட்டது.
மஞ்சள் நிறம், இரண்டே சீட்டு,
கூரை என் இடுப்புக்குக் கீழே.
அதில் ஏற முடியாது, இறங்கத்தான் வேண்டும்.

"காலையில மட்டும் மரத்துப் போவுது, பாய்.
பத்து மணிக்கு மேல சரியாயிருது."
ஸ்டியரிங்கைச் சொன்னார்.
மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர்.
மரத்துப்போவதைப் பற்றி அவர் சொன்னால்
நம்பத்தான் வேண்டும்.

கம்ப்யூட்டரில் நாலு சக்கரமும் பச்சை.
பச்சையைக் காட்டினேன்.
"ஈசிஜி நல்லாருக்குன்னு வீட்டுக்கு அனுப்புன ஆள
மறுநாள் ஸ்ட்ரெச்சர்ல பாத்திருக்கேன்" என்றார்.
அதற்கு மேல் என்ன பேச.

மார்கழி. நாலரை மணி.
அம்பையில் ஆறு மணிக்கு அவருக்கு ஒரு சிசேரியன்.
பக்கத்துச் சீட்டில் நான்,
எண்ணெய் தேய்க்காத தலையோடு.
வீட்டில் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தேன்,
தேங்காயெண்ணெய் வெள்ளையாய் இறுகி
சொட்டு விழவில்லை.

பேட்டை தாண்டும்வரை பம்பு முனகியது.
ஸ்டியரிங்கைத் தள்ளும் எண்ணெயும் எண்ணெய்தானே,
அதற்கும் குளிர்.
இரண்டு பக்கமும் வயல் இல்லை,
பனிதான் நட்டு வைத்திருந்தது.
தார் ரோடு நனைந்து கறுத்துக் கிடந்தது.

சேரன்மகாதேவிக்கு முந்தின கால்வாய் வளைவில்
அவர் திருப்பினார்.
திருப்பியது கைக்குத் தெரிந்தது.
வண்டிக்குத் தெரியவில்லை.
அது நேராகப் போனது,
சொன்னது காதில் விழாத மாப்பிள்ளை மாதிரி,
நிதானமாக, மரியாதையாக,
நேராக.

நின்றபோது
விளக்கு வெளிச்சம் தண்ணீருக்குள் இருந்தது.
தவளைகள் ஒரு நொடி நிறுத்திவிட்டு
மறுபடி ஆரம்பித்தன.
கேன் கட்டின சைக்கிளில் ஒருவர்
காலை ஊன்றிக் குனிந்து உள்ளே பார்த்தார்:
"குளிக்கதுக்கா போறிய?
படித்துற அந்தப் பக்கம்லா இருக்கு."

இறங்கி டயரில் உள்ளங்கை வைத்தேன்.
பந்தய வெயிலுக்கென்று வார்த்த ரப்பர்,
சூடேறினால் ரோட்டைப் பிசினாய்ப் பிடிக்கும்.
இப்போது அலுமினியத் தட்டு.
கேஜை வைத்தேன்: இருபத்தெட்டு.

முப்பத்திரண்டு அடைத்தது நான்.
போன வாரம், உச்சி வெயிலில்,
தார் உருகுகிற பகல் ஒன்றரைக்கு.
சூட்டில் உப்பின காற்றை அளந்து
சரி என்று மூடி திருகினது
இந்தக் கைதான்.
நாலு பவுண்டு ராத்திரி போய்விட்டது,
எங்கும் ஓட்டை இல்லாமல்.

இதை அவரிடம் சொல்லப்
பத்து கிலோமீட்டர் ஆனது.
வீரவநல்லூர் வந்தபிறகு சொன்னேன்.
அவர் எதுவும் சொல்லவில்லை,
நாற்பதுக்கு மேல் போகவும் இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தேன்.
எட்டரைக்கு வெயில் மதில் தாண்டி
முன் சக்கரத்தில் விழுந்தது, அப்புறம் பின் சக்கரத்தில்.
யாரோ சீனி மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

திரும்பும்போது அதே வளைவு.
விரலால் தொட்டார், வண்டி திரும்பிவிட்டது.
"உணர்வு வந்துட்டு" என்றார்,
தியேட்டரில் சொல்கிற குரலில்.

"அப்ப என்ன மாத்தணும்?"
"வேற டயர் போடலாம்.
இல்லன்னா முத பத்து கிலோமீட்டர்
மெதுவா உருட்டணும்."
"மயக்கம் தெளிஞ்ச உடனே
யாரையும் நடக்கச் சொல்ல மாட்டோம், பாய்,"
என்று அவரே முடித்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் விடிவதற்கு முன்னால்
கடையைத் திறக்கிறேன்.
ஓடாமல் நின்ற வண்டிக்கே முதல் காற்று.
டீக்கடைக்காரருக்கு இது புரியவில்லை.
கேஜும் குளிரில் பொய் சொல்லுமோ என்று
சட்டைப்பையில்
நெஞ்சோடு வைத்துக்கொள்கிறேன்.